கொண்டையில் பேனா

ஜூலை 14, திங்கள்

"தினமும் படிச்சதை ரெண்டு வரி எழுதுங்க, அப்பதான் மண்டையில நிக்கும்" என்று எஸ்தர் மேடம் முதல் வகுப்பிலேயே சொல்லிவிட்டார். ரெண்டு வரியோடு நிறுத்தத் தெரிந்திருந்தால் நான் பிளஸ் டூவில் உயிரியலைக் கோட்டை விட்டிருக்கவே மாட்டேன். இரண்டு மதிப்பெண் கேள்விக்கு ஒன்றரைப் பக்கம் எழுதிக்கொண்டிருந்தபோது மணி அடித்துவிட்டது. அதற்கப்புறம் கல்யாணம்தான் நடந்தது, மறுதேர்வு நடக்கவில்லை.

பெயர் பிரம்மசக்தி. வயது முப்பத்தேழு. உடன்குடி கோழிக்கடை மாசானமுத்துவின் மனைவி, பத்தாம் வகுப்பு அபிநயாவின் அம்மா. இன்றிலிருந்து திருச்செந்தூர் சமுதாயக் கல்லூரியில் ஆய்வக உதவியாளர் பட்டயப் படிப்பு மாணவி. இங்கே வயது பார்ப்பதில்லை, பழைய மார்க்கைக் கேட்டு முகம் சுளிப்பதுமில்லை. ஆனால் முதல் பருவத்தில் "உயிரியல் அறிமுகம்" என்று ஒரு தாள் இருக்கிறது. எழுத்து, செய்முறை இரண்டிலும் தேறினால்தான் ஆஸ்பத்திரிப் பயிற்சிக்கு அனுப்புவார்கள். தேறாவிட்டால் வீட்டுக்குப் போய் வெங்காயம் உரிக்கலாம்.

வீட்டுக்காரரிடம் மூச்சு முட்டச் சொன்னேன். கேட்டுவிட்டு "சரி" என்றார். கோழிக்குத் தண்ணீர் வைக்கப் போய்விட்டார். நல்லாப் படி என்று ஒரு வார்த்தை சொன்னால் வாய் கோணியா போய்விடும்?

ஜூலை 15

செல்தான் உயிரின் அடிப்படை அலகு. பஸ்ஸில் உட்கார இடமில்லை.

ஜூலை 18, வெள்ளி

முதன்முதலாக நுண்ணோக்கியில் பார்த்தேன். வெங்காயத் தோலை உரித்து, சாயம் போட்டு, கண்ணாடியில் வைத்து எட்டிப் பார்த்தால் கறுப்பாக, கத்தை கத்தையாக என்னமோ தெரிகிறது. "மேடம், செல்லு எனக்குத் தெரிஞ்சிட்டு!" என்று வகுப்பே திரும்பும்படி கத்தினேன். மேடம் வந்து பார்த்துவிட்டு, "அது உங்க கண் இமை முடி. கொஞ்சம் தள்ளி நின்னு பாருங்க" என்றார்.

பக்கத்து மேசை ஜெயராணி சிரித்துச் சிரித்துக் கீழே உட்கார்ந்துவிட்டாள். இருபத்தெட்டு வயது, காற்றடித்தால் பறந்துவிடுகிற உடம்பு, கையில் ஒன்றரை வயதுப் பிள்ளை. மாமியாரிடம் பிள்ளையை விட்டுவிட்டு வருகிறாள். மற்றதெல்லாம் பதினெட்டு, பத்தொன்பது வயசுப் பிள்ளைகள். எங்கள் இரண்டு பேரையும் ஒரே மேசையில் போட்டுவிட்டார்கள். இன்றோடு சிநேகிதம் ஆகிவிட்டோம்.

வெங்காயச் செல்லைப் பிறகு பார்த்தேன். செங்கல் அடுக்கினதுபோல் வரிசையாக இருந்தது. இத்தனை வருஷமாக அதை நறுக்கி அழுதிருக்கிறேனே தவிர ஒரு நாளும் பார்த்ததில்லை.

ஜூலை 24

சவ்வூடுபரவல். நாக்கு சுளுக்குகிற பேர், விஷயம் எலுமிச்சை ஊறுகாய்தான். உப்பைப் போட்டால் பழத்துக்குள் இருக்கிற தண்ணீர் வெளியே வந்து நிற்கிறது இல்லையா, அதேதான். மேடத்திடம் சொன்னேன். "பரீட்சையில ஊறுகாய்னு எழுதிராதீங்க" என்றார்.

படிக்கிற கண்ணாடி எப்போதும் மூக்கு நுனியில். இனிமேல் பேனாவைத் தேடக்கூடாது என்று கொண்டையில் செருகிக்கொள்கிறேன். அபிநயா, "யம்மா, ரோட்டுல போற ஆளெல்லாம் பாக்காவ" என்று தலையில் அடித்துக்கொள்கிறாள். பார்க்கட்டுமே.

ஆகஸ்ட் 2, சனி

நேற்று ராத்திரிச் சாப்பாட்டின்போது மேசையில் புத்தகத்தை விரித்துவைத்து இதயத்தின் நான்கு அறைகளை மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். வலது மேலறை, வலது கீழறை, அங்கிருந்து நுரையீரல், திரும்பி இடது மேலறை. இவர் குழம்பை ஊற்றிப் பிசைந்துகொண்டே, "கோழிக்கும் நாலா?" என்றார்.

"ஆமா, பறவைக்கும் நாலு."

"இத்தன வருசமா வெட்டுதேன், எண்ணிப் பாக்கல பாத்தியா" என்றவர் அதோடு எழுந்து போய்விட்டார். அவ்வளவுதான் இந்த மனிதரோடு பேச்சு. காலையில் பார்த்தால் குளிர்பெட்டியில் ஒரு தூக்குச்சட்டி. அதில் கோழி இதயங்கள், கழுவி, பளிச்சென்று. கடையில் ஈரலோடு சேர்ந்து முதலில் விற்றுப்போவதே இதுதான். நேற்று என்னவோ மிஞ்சிவிட்டதாம். பிளேடால் நெடுக்கில் வெட்டிப் பார்த்தேன், நான்கு அறைகளும் தெரிந்தன. பார்த்து முடித்ததும் மிளகு போட்டு வறுத்துவிட்டேன்.

சாப்பாட்டு மேசைக்கு மேலே புது பல்பும் மாட்டியிருக்கிறார், கண்ணைப் பறிக்கிற வெளிச்சம். கடைக் கணக்குப் பார்ப்பதற்காம். கடைக் கணக்கைக் கடையில்தானே பார்ப்பார்? என்னமோ, எனக்கு நல்லதாகப் போயிற்று.

ஆகஸ்ட் 11, திங்கள்

இன்று தலையில் கல் விழுந்தது. செய்முறைத் தேர்வில் கட்டாயக் கேள்வி ரத்த வகை கண்டறிதல். அடுத்த ஆளின் விரலில் ஊசி குத்தி, மூன்று சொட்டு எடுத்து, மூன்று மருந்து கலந்து, எது திரள்கிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். இது ஒன்றுக்கே பாதி மதிப்பெண்.

"கோழிக்கடைக்காரி உனக்கு என்னக்கா பயம்?" என்று ஜெயராணி விரலை நீட்டினாள். லான்செட்டைக் கையில் எடுத்தேன். தீப்பெட்டிக் குச்சி அளவு சமாச்சாரம், முனையில் ஒரு முள். என் கை நடுங்கிய நடுக்கத்தில் மேசையே ஆடியது. எதிரே உயிரோடு ஒரு பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு "குத்துக்கா, குத்துக்கா" என்று சொல்லிக்கொண்டிருக்கிறதே, எப்படிக் குத்த? கடையில் கல்லாவில் உட்காருவேன், இறகு உரிப்பேன், ரத்தத்தைக் கழுவிவிடுவேன். கழுத்தில் கத்தி வைப்பது ஒரு நாளும் நானில்லை, இவர்தான். மூன்று தரம் முயன்றேன். மூன்றாவது தரம் என் கட்டை விரலிலேயே குத்திக்கொண்டேன்.

எஸ்தர் மேடம் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். "பிரம்மசக்தி, ரத்தம் எடுக்கத் தெரியாத ஆளை லேப்ல வச்சு என்ன பண்ணுறது? எழுத்துல நீங்க நூறு வாங்குனாலும் நான் பாஸ் போட முடியாது."

பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். இரவுச் சாப்பாட்டில் எல்லாவற்றையும் கொட்டினேன். "வீட்டுல பழகணும்னா விரல் வேணும். அபிநயா தர மாட்டேங்கா. நீங்க குடுப்பியளா?" என்றேன்.

இவர் முகம் சுண்ணாம்பாக வெளுத்துவிட்டது. கொரோனா சமயத்தில் தடுப்பூசி போட நர்சம்மா வீடு வீடாக வந்தபோது கோழிக்கூண்டுகளுக்குப் பின்னால் குத்தவைத்து ஒளிந்தவர் இவர். இறகு மூக்கில் ஏறித் தும்மினதால்தான் அகப்பட்டார். இரண்டு ஆள் பிடித்துக்கொண்டு போட்டார்கள். ஊசியைக் கண்ட கையோடு மயங்கி விழுந்தார். ஊரே சிரித்தது.

"எனக்கு வேற சோலி இருக்கு" என்று துண்டை உதறிக்கொண்டு வெளியே போய்விட்டார். ஆபத்துக்கு உதவாத மனுஷன்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

என்னை ஒரு வார்த்தை கேட்காமல் இவர் குலசை தசராவுக்கு மாலை போட்டுவிட்டு வந்து நிற்கிறார்! செவ்வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு, கழுத்தில் மாலை. இந்தப் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் மாலை போடுவது வழக்கம்தான். தசராவில் காப்புக் கட்டி, காளியாகவோ ராஜாவாகவோ குரங்காகவோ வேஷம் போட்டு, ஊர் ஊராகக் காணிக்கை எடுத்து முத்தாரம்மன் கோயில் உண்டியலில் போடுவார்கள். வேஷம் கட்டினவரைச் சாமியாகவே நினைத்து ஊரே கும்பிடும். ஆனால் கோழிக்கடைக்காரர் மாலை போட்டால் கடையை யார் பார்ப்பது? கவுச்சி கூடாது, கத்தியைத் தொடக் கூடாது, ஒரு நேரச் சாப்பாடு, பாயில் படுக்கை.

"உன் தம்பி வெட்டட்டும். நான் கல்லாவுல இருக்கேன். புரட்டாசி வருது, யாவாரம் எப்படியும் படுத்திரும்" என்கிறார்.

"எதுக்கு இந்தத் திடீர் வேண்டுதல்?"

"முட்டு வலிக்கு."

"என்ன வேஷம்?"

"அதெல்லாம் கட்டுனப்புறம் பாத்துக்கிடு."

முட்டு வலியாம். நேற்றுத்தான் கோழித்தீவன மூட்டையை முதுகில் தூக்கி மாடி ஏற்றினார்.

ஆகஸ்ட் 23

இனி வீட்டில் இரண்டு சமையல். மைட்டோகாண்ட்ரியா செல்லின் ஆற்றல் நிலையம். எனக்கு அது எங்கே இருக்கிறதோ தெரியவில்லை.

செப்டம்பர் 1, திங்கள்

ஜெயராணியின் விரலில் இன்று ஒருவழியாகக் குத்தினேன். குத்தினேன் என்றா சொல்வது, தடவினேன். ரத்தமே வரவில்லை. இரண்டாம் தரம் பயத்தில் ஆழமாகப் போய், "யாத்தீ!" என்று அவள் அலறியதில் பக்கத்து வகுப்பிலிருந்து ஆள் வந்து எட்டிப் பார்த்தார்கள். ரத்தம் வந்தது. கண்ணாடித் தகட்டில் வைப்பதற்குள் என் கை ஆடி, ஒரு சொட்டு அவள் வெள்ளைக் கோட்டில், ஒரு சொட்டு என் கோட்டில். மேடம் எழுதிக்கொண்டார், என்ன எழுதினாரென்று தெரியவில்லை.

வீட்டில் பழகலாம் என்று வாங்கிவந்த லான்செட் பெட்டி பாதியாகக் குறைந்திருக்கிறது. நான் தொடவே இல்லை. அபிநயாவிடம் கேட்டேன், "எனக்கென்ன தெரியும்?" என்று கண்ணை உருட்டினாள். எலி இரும்பைத் தின்னுமா?

செப்டம்பர் 9

உள்தேர்வில் எண்பத்தொன்று! வகுப்பில் இரண்டாவது! பத்தொன்பது வயசுப் பிள்ளைகளெல்லாம் எனக்குப் பின்னால்! ஒரு கேள்விக்குக்கூட ஒரு பக்கத்துக்கு மேல் எழுதவில்லை. ஊறுகாயும் எழுதவில்லை.

விடைத்தாளை இவர் முன்னால் விரித்துவைத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். கை விரல்களில் மூன்றில் பிளாஸ்திரி. "என்னது இது?" என்றால், "கோழி கொத்திட்டு" என்கிறார். மாலை போட்டவர் கோழியைத் தொடுவதே இல்லை, எந்தக் கோழி வந்து கொத்திற்று? துருவிக் கேட்க நேரமில்லை. நாளைக்கு ஒளிச்சேர்க்கை இருக்கிறது.

செப்டம்பர் 10

அபிநயா சொன்னாள், நான் கல்லூரிக்குப் போனபிறகு அந்த விடைத்தாளை இவர் கடைக்குக் கொண்டுபோய்ப் பால்காரர், தபால்காரர், கறி வாங்க வந்தவர்கள் எல்லாருக்கும் காட்டினாராம். என் சொத்தை எடுத்துக்கொண்டு போய் ஊருக்குக் காட்டுகிறார், என்னிடம் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். இதை எங்கே போய்ச் சொல்வது?

செப்டம்பர் 17

புரட்டாசி பிறந்தது. கடையில் ஈ ஓட்டுகிறார்கள். ஜெயராணியின் விரல்கள் எல்லாம் ஓட்டை. "அக்கா, பரீட்சைக்கு ஒரு விரல மட்டும் பத்திரமா வச்சிருக்கேன்" என்கிறாள் பாவம். என் கை இன்னும் நடுங்குகிறது.

செப்டம்பர் 23, செவ்வாய்

கொடியேறிவிட்டது. இவர் குலசைக்குப் போய்க் காப்புக் கட்டிவிட்டு வந்தார். தெரு முழுக்க மேளம்தான், படிக்க முடியவில்லை. எதிர்வீட்டு ஆட்டோக்காரர் காளி வேஷம் கட்டி, நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்து, "அக்கா, எலும்பு மொத்தம் இருநூத்தி ஆறுல்லா?" என்று கேட்டுப் போகிறார். ஊருக்கே நான் படிப்பது தெரிந்திருக்கிறது. யார் சொல்லியிருப்பார்கள்?

எல்லாரும் வேஷம் கட்டிவிட்டார்கள், இவர் மட்டும் செவ்வேட்டியோடு திரிகிறார். கேட்டால், "என் வேஷத்துக்குச் சாமான் இன்னும் கைக்கு வரல" என்கிறார். செய்முறைத் தேர்வு எப்போது என்று இரண்டு தரம் கேட்டார். முப்பதாம் தேதி என்றேன். கடைசி வகுப்பு எப்போது, கோட்டு எத்தனை நாள் வேண்டும் என்றெல்லாம் விசாரித்தார். துவைக்கப் போடுவதற்குக் கேட்கிறாராக்கும் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு இருக்கிற கவலையில் இவரோடு பேச்சு வளர்க்கவா முடியும்?

செப்டம்பர் 27, சனி

வாட்ஸப்பில் தகவல்: வெளியிலிருந்து வருகிற தேர்வாளருக்கு முப்பதாம் தேதி தோது இல்லையாம். தேர்வு திங்கட்கிழமையே. ஐயோ! ஒரு நாள் போயிற்று!

இவருக்குப் போன் போட்டேன். மேளச் சத்தத்தில் எடுக்கவில்லை. பரமன்குறிச்சிப் பக்கம் தசரா செட்டு ஆட்களோடு காணிக்கைக்குப் போயிருக்கிறார். இவருக்குச் சொல்லித்தான் என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டேன். அபிநயாவும் அத்தை வீட்டில் இருக்கிறாள், நாளைக்குத்தான் வருவாள்.

கோட்டைத் துவைத்துக் கஞ்சி போட்டு, மொடமொடவென்று தேய்த்து, பேர்ப் பட்டையைக் குத்திப் பீரோவில் மாட்டியாயிற்று.

செப்டம்பர் 28

காலை முதல் ஜெயராணி வீட்டில் படிப்பு. சாயங்காலம் வந்தபோது இவர் வந்து குளித்துவிட்டு மறுபடி போய்விட்டதாக அபிநயா சொன்னாள். ஒரு நிமிஷம் நின்று என்னைப் பார்த்துவிட்டுப் போகக் கூடாதா?

செப்டம்பர் 29, திங்கள்

வரிசையாக எழுதுகிறேன், இல்லாவிட்டால் நானே நம்ப மாட்டேன்.

காலையில் பீரோவைத் திறந்தால் கோட்டு இல்லை. கட்டிலுக்கு அடியில், அழுக்குக் கூடையில், கடையில், மொட்டைமாடிக் கொடியில், எங்கேயும் இல்லை. "அபி, என் வெள்ளக் கோட்டு எங்கட்டி? இன்னைக்குப் பரீட்சை!" என்று கத்தினேன். அவள் பல் விளக்கிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். "இன்னைக்கா? நாளைக்கில்லா?" என்றாள். நுரையைத் துப்பிவிட்டு, "நீ பஸ்ஸப் பிடிம்மா. கோட்டு வந்து சேரும். நான் பாத்துக்கிடுதேன்" என்று முதுகில் கைவைத்துத் தள்ளினாள். என் மயில்கழுத்துச் சேலையையும் பீரோவில் காணவில்லை. அதைப் பற்றிக் கேட்க அப்போது நேரமில்லை.

கல்லூரியில் எஸ்தர் மேடம் ஒரே பிடி. "கோட் இல்லாம ரத்தம் எடுக்கிற மேசைக்கு விட மாட்டேன். முதல் நாளே சொன்னேன்ல? கடைசியா கூப்பிடுறேன், அதுக்குள்ள ஏற்பாடு பண்ணுங்க." ஜெயராணி தன் கோட்டைக் கழற்றிக் கொடுத்தாள். ஒரு கையை நுழைத்தேன். மறு கையை நுழைக்கும்போது தோளில் "டர்ர்" என்று பிரிந்தது. மற்ற பிள்ளைகளின் கோட்டு அதைவிட ஒல்லி. நான் சாப்பாட்டில் ஒரு நாளும் குறை வைத்ததில்லை, அதன் பலனை இன்று அனுபவித்தேன்.

ஒவ்வொருவராக முடித்துவிட்டுப் போனார்கள். ஜெயராணி மட்டும் எனக்காக ஒரு விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் மாமியார் நாலாவது தரம் போன் பண்ணினார், பிள்ளை அழுகிறது. "நீ கெளம்புட்டி" என்றேன். "கோட்டே இல்லாதவளுக்கு உன் விரல் எதுக்கு?" அவள் அழுதுகொண்டே போனாள். வராந்தாவில் நான் மட்டும் இருந்தேன். பிளஸ் டூ பரீட்சையில் மணி அடித்ததும் தாளைப் பிடுங்கிக்கொண்டு போனார்களே, அந்த நாள்தான் ஞாபகம் வந்தது. இந்தத் தரமும் இவ்வளவுதான், வீட்டுக்குப் போய் வெங்காயம் உரிக்கலாம் என்று நினைத்துப் பையை எடுத்தேன்.

அப்போதுதான் மேளச் சத்தம் கேட்டது. கல்லூரிக்குள்ளேயே! காவலாளி "ஏய், ஏய்" என்று பின்னால் ஓடிவர, ஒரு தசரா செட்டே வராந்தாவில் ஏறி வந்தது. முன்னால் எதிர்வீட்டுக் காளி, பின்னால் ஒரு குரங்கு, ஒரு போலீஸ். நடுவில் ஒரு பொம்பளை வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்தாள். தாடி வைத்த பொம்பளை. மயில்கழுத்துச் சேலை. மேலே வெள்ளைக் கோட்டு. கோட்டில் "பிரம்மசக்தி" என்று பேர்ப் பட்டை. கண்ணாடி இல்லாத வெறும் மூக்குக்கண்ணாடிச் சட்டம், மூக்கு நுனியில். நெஞ்சோடு அணைத்துப் பிடித்த உயிரியல் புத்தகம், அபிநயாவின் பழையது. சவுரி வைத்துப் போட்ட கொண்டை. கொண்டையில் ஒரு பேனா.

என் கை தானாக என் கொண்டைக்குப் போயிற்று.

"நாளைக்குன்னுல்லாட்டி சொன்ன!" என்றார் இவர், மூச்சு வாங்க. "ராத்திரிக்குள்ள திருப்பி மாட்டிரலாம்னு இருந்தேன். அபி போன் போட்டா. பஸ் ஸ்டாண்டுலருந்து ஓடியாறேன்."

சத்தம் கேட்டு எஸ்தர் மேடமும் வெளித் தேர்வாளரும் வெளியே வந்தார்கள். தேர்வாளர் தூத்துக்குடிக்காரர், நரைத்த மீசை, சிரிக்காத முகம். இவரை மேலும் கீழும் பார்த்தார். "காளி தெரியுது, குரங்கு தெரியுது. இது என்ன வேஷம்?"

"எம் பொண்டாட்டி வேஷம் சார்" என்றார் இவர். "உயிரியல் படிக்கா. அவ பாஸாவணும்னு மாலை போட்டிருக்கேன். அவள மாதிரியே வேஷங்கட்டி வாரேன்னு அம்மன்ட்ட நேந்துக்கிட்டேன்."

முட்டு வலியாம்!

தேர்வாளர் மீசையைத் தடவினார். "கோட்டக் குடுங்க அந்தம்மாட்ட" என்றார். இவர் கழற்றினார். நான் போட்டுக்கொண்டேன், வியர்வையில் நனைந்திருந்தது. மேசைக்குப் போனேன். ஸ்பிரிட், பஞ்சு, தகடு, மூன்று மருந்துகள், லான்செட். எல்லாம் இருக்கிறது, விரல் இல்லை.

"ரத்தம் குடுக்க ஆள் யாரு?" என்றார் தேர்வாளர்.

"நான்" என்று வாசலிலிருந்து குரல் வந்தது.

"நீங்களா? வேண்டாம் சார், இவிய ஊசியக் கண்டா விழுந்திருவாவ" என்று நான் பதறினேன். இவர் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். கையை மேசைமேல் வைத்து விரித்தார். அப்போதுதான் பார்த்தேன். ஒவ்வொரு விரல் நுனியிலும் புள்ளி புள்ளியாகக் குத்தின தழும்பு. சில ஆறினது, சில புதுசு. கோழி கொத்தினதாம். எலி தின்றதாம். நான் ஒரு மடச்சி. இந்த மனுஷன் தனக்குத்தானே குத்திக் குத்திப் பழகியிருக்கிறார், நான் கேட்ட அன்றைக்குக் கொடுக்க முடியாத விரலை என்றைக்காவது கொடுப்பதற்கு.

"குத்துட்டி" என்றார் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு. "எனக்கு ஒண்ணுஞ் செய்யாது. பைய குத்து."

என் கை நடுங்கத்தான் செய்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அவர் விரல் அதைவிட நடுங்கியது. அந்த நடுக்கத்தை நிறுத்துவதற்காக அவர் விரலை இறுக்கிப் பிடித்தேன், பிடித்த பிடியில் என் கையும் நின்றுவிட்டது. பஞ்சால் துடைத்தேன். பக்கவாட்டில் ஒரு குத்து. முத்துப்போல் ரத்தம் எழுந்து நின்றது. ஒரு சொட்டு, இரண்டு, மூன்று. ஒன்றும் சிந்தவில்லை. நீல மருந்தைச் சேர்த்தேன், மாற்றமில்லை. மஞ்சள் மருந்தைச் சேர்த்தேன், பால் திரிந்ததுபோல் திரிதிரியாகத் திரண்டது. மூன்றாவதும் திரண்டது.

"பி பாசிட்டிவ் சார்" என்றேன்.

"ஏன் திரளுது?"

சொன்னேன். இவருடைய ரத்தச் செல்லின் மேலே இருப்பது என்ன, மருந்தில் இருப்பது என்ன, இரண்டும் எப்படிக் கைகோத்துக்கொள்கின்றன, எல்லாம் சொன்னேன். ரெண்டே வரியில் சொன்னேன். எஸ்தர் மேடம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார்.

"முடிஞ்சிட்டா?" என்று கேட்டுக் கண்ணைத் திறந்த இவர், தகட்டிலிருந்த ரத்தத்தைப் பார்த்தார். பார்த்ததும் ஸ்டூலிலிருந்து பொத்தென்று சரிந்தார். காளியும் போலீஸும் ஓடிவந்து தாங்கிப் பிடித்துத் தண்ணீர் தெளித்தார்கள். தேர்வாளர் முதல் தரமாகச் சிரித்தார்.

தெளிந்து எழுந்ததும் கோட்டைக் கழற்றி நானே அவருக்கு மாட்டிவிட்டேன். "குலசை போற வரைக்கும் நீங்களே போட்டுக்கிடுங்க. வேஷம் பாதியில நிக்கக் கூடாது" என்றேன். சாய்ந்திருந்த கொண்டையைச் சரிசெய்து பேனாவைச் செருகிவிட்டேன். வேஷம் கட்டினவர் சாமி. எல்லாரும் பார்க்க, என் புருஷனை, என் சேலையில் நின்றவரை, கைகூப்பிக் கும்பிட்டு, காணிக்கைத் தட்டில் காசு போட்டேன். இவர் திருநீற்றை எடுத்து என் நெற்றியில் பூசினார்.

"நல்லாப் படி" என்றார்.

அக்டோபர் 3, வெள்ளி

இவர் நேற்றுச் சூரசம்ஹாரம் பார்த்து, இன்று காப்பு அவிழ்த்து வந்துவிட்டார். கோட்டெல்லாம் மஞ்சள், குங்குமம், யாரோ தெளித்த பன்னீர். எத்தனை ஊர் போனாராம், எத்தனை பேர் கும்பிட்டார்களாம். "உன்னைய மாதிரி நடக்கதுதாம்ட்டி கஷ்டம். என்னா வேகம்!" என்கிறார். வந்ததும் முதல் சோலியாகக் கோழிக்குழம்பு கேட்டார். மூன்று தட்டுச் சோறு சாப்பிட்டார்.

துவைத்துவிட்டேன். மஞ்சள் போகவில்லை.

அக்டோபர் 16

பாஸ். எழுத்தில் எழுபத்தாறு, செய்முறையில் தொண்ணூறு. ஜெயராணியும் பாஸ்.

இவரிடம் சொன்னேன். "சரி" என்றார். கடைக்குப் போனவர், இன்றைக்குக் கறி வாங்கினவர்களுக்கெல்லாம் ஈரலும் இதயமும் சும்மா கொடுத்து அனுப்பினாராம். தம்பி வந்து புலம்பிவிட்டுப் போனான்.

நவம்பர் 3, திங்கள்

இன்று ஆஸ்பத்திரிப் பயிற்சி முதல் நாள். மயில்கழுத்துச் சேலை, மஞ்சள் கறை மறையாத கோட்டு, மூக்கில் கண்ணாடி, கொண்டையில் பேனா. நேரம் ஆகிவிட்டது, வீட்டிலிருந்தே கோட்டோடு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். நெஞ்சோடு புத்தகத்தை அணைத்துக்கொண்டுதான்.

கருப்பட்டி விற்கிற ஆச்சி ஒருத்தி என்னைக் கண்டதும் கூடையை இறக்கிவைத்து எழுந்து நின்றாள். கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சுருக்குப்பையை அவிழ்த்து ஒரு காசை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து மூடினாள். மூடினவள் என் முகத்தை உற்றுப் பார்த்தாள். தாடியைத் தேடினாளோ என்னமோ.

"தசரா முடிஞ்சு ஒரு மாசமாச்சே" என்றாள். "இன்னுமா வேஷத்தக் கலைக்கல?"

"இது வேஷமில்ல ஆச்சி" என்றேன். "நாந்தான்."

ஆச்சிக்குப் புரியவில்லை. காசைத் திருப்பிக் கொடுத்தேன், வாங்க மாட்டேன் என்றுவிட்டாள். அதற்குள் திருச்செந்தூர் பஸ் வந்துவிட்டது. ஏறி உட்கார்ந்தேன், இன்று ஜன்னலோரம் இடம் இருந்தது.